கண்ணுக்கு விருந்து, யார் வீட்டுச் செலவில்?

மழை விட்ட காலை நேரத்தில் வயல் வரப்பில் நின்று, செய்ய வேண்டிய வேலையைச் சற்று மறந்து, பச்சைப் பயிரையும் அதில் மேயும் பறவையையும் பார்த்துக்கொண்டிருப்பது நல்லதா, கெட்டதா? இதுவும் ஒரு கேள்வியா என்று சிலர் சிரிக்கக்கூடும். ஆனால் நம் வீடுகளில் இந்தக் கேள்விக்குத் தினமும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்றுவிட்ட பிள்ளையை, "பராக்குப் பார்க்காமல் நட" என்று அதட்டுகிறோம். அதே பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பாமல் கையிலிருக்கும் போனையே பார்த்துக்கொண்டிருந்தால், "வெளியே பார், எவ்வளவு அழகாக இருக்கிறது" என்று சொல்வதும் நாமேதான். அப்படியானால் பார்ப்பது எப்போது சோம்பல், எப்போது நன்மை? இதைக் குடும்பமாக உட்கார்ந்து கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். பார்ப்பது பாவமல்ல. நம் ஆண்டவர் தம்மைச் சூழ்ந்து நின்ற ஜனங்களிடம் ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் கவனித்துப் பார்க்கும்படி சொன்னார். அவர்கள் ஓய்வாகப் பொழுது போக்க வந்த பிரபுக்கள் அல்லர். நாளைய சோற்றுக்கும் துணிக்கும் கவலைப்பட்ட ஏழை எளியவர்கள். அவர்களையே நின்று பார்க்கச் சொன்னார் என்றால், பார்ப்பதில் ஏதோ ஒரு பலன் இருக்கத்தான் வேண்டும். 1226ல் இறந்த அசிசி நகர் அர்ச். பிரான்சிஸ்குவைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் கதையே அவர் பறவைகளோடு பேசிய கதைதான். ஆகவே கண்ணைத் திறந்து பார்ப்பதைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. பார்த்த பிறகு என்ன என்பதே கேள்வி.

நம் முன்னோர்கள் வருஷத்தை ஆறு பருவங்களாக வகுத்தார்கள். அவற்றில் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர் காலம். மேல்நாட்டார் அந்த மாதங்களை இலையுதிர் காலம் என்பார்கள். அங்கே மரங்கள் சிவந்து, மஞ்சளித்து, மொட்டையாகும் நேரத்தில், இங்கே வடகிழக்குப் பருவமழை இறங்கி, காய்ந்து கிடந்த பூமியெல்லாம் பச்சையாகிறது. அவர்களுக்கு அது அறுவடை முடிந்து அடங்கும் காலம்; நமக்கோ விதைத்தது முளைத்து நிற்கும் காலம்.

அந்த நாட்களில் திருநாவலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 2019ல் உண்டான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் இடையில் இருக்கும் ஊர் அது. நாவல் மரத்தால் பேர் பெற்ற ஊர். சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த ஊர் என்று சைவ அன்பர்கள் போற்றும் ஊர். கோடையில் வெறும் மணலாகக் கிடக்கும் கெடிலம், மழை பெய்தால் தண்ணீரைக் கண்டு, பண்ருட்டி வழியே கடலூரை நோக்கி நடக்கும். ஏரி நிறைந்த இடத்தில் சம்பா நடவு. மேட்டு நிலத்தில் உளுந்தும் மக்காச்சோளமும். மேற்கே இன்னும் தூரம் போனால் கல்வராயன் மலையில் மேகம் இறங்கி நிற்கும். அருவிகளில் தண்ணீர் பெருகும். காசு கொடுத்து நுழைய வேண்டிய தோட்டம் இல்லை இது. வழியோடு போகிற எவனுக்கும் இறைவன் இலவசமாக விரித்து வைத்த விருந்து.

இந்த விருந்தில் தலைவாழை இலையில் வைத்த பட்சணம்போல் கண்ணில் படுவது மயில். ஒரு தலைமுறைக்கு முன் மயிலைப் பார்க்க விராலிமலைக்கோ பழனிப் பக்கமோ போக வேண்டும் என்று இருந்த குடும்பங்கள், இன்று தங்கள் வீட்டு மாடியிலிருந்தே அதைப் பார்க்கின்றன. விடியற்காலையில் அதன் அகவல் கேட்டு எழுந்திருக்கிறார்கள். 2020ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கையும், தேசத்தில் மயில்கள் பெருகி வருவதாகவே சொல்லுகிறது.

மயிலைப் பற்றி நாம் கண்டும் காணாதது ஒன்று உண்டு. நாம் வால் என்று நினைக்கும் அந்த நீண்ட தோகை உண்மையில் வால் அல்ல. முதுகின் பின்பகுதியில் வாலை மூடி வளரும் இறகுகளே அவை. உண்மையான வால் அதன் கீழே குட்டையாக, மங்கிய நிறத்தில் நின்று, விரித்த தோகையைத் தாங்குகிறது. ஒளிரும் அந்த நீலமும் சாயம் போட்ட நீலம் அல்ல. இறகின் மிக நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம் அது. இனம் பெருக்கும் காலம் முடிந்ததும் ஆண் மயில் தன் தோகையை உதிர்த்துவிடும். ஆகையால் கூதிர் காலத்தில் பல மயில்கள் தோகையின்றி, ஏதோ நகையை அடகு வைத்த மாப்பிள்ளைபோலத் திரிவதைக் காணலாம். உதிர்ந்த இறகைப் பொறுக்கிப் புத்தகத்தில் வைத்து, அது குட்டி போடும் என்று காத்திருந்த பருவம் நம்மில் எத்தனையோ பேருக்கு உண்டு!

இதே மாதங்களில் அமெரிக்க தேசத்தின் காடுகளிலும் வயல்களிலும் காட்டு வான்கோழிகள் கூட்டம் கூட்டமாக மேய்வதைப் பார்க்க மக்கள் ஆசையோடு போகிறார்கள். வான்கோழி மயிலுக்குத் தூரத்து உறவு. இரண்டையும் பறவை நூலார் ஒரே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். மயிலைப் பார்த்துத் தானும் ஆடப் பார்த்ததாக வான்கோழியைக் கேலி செய்யும் மூதுரைப் பாட்டு நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பாவம், அது யாரையும் பார்த்து ஆடவில்லை. தன் இனத்துக்கு உரிய ஆட்டத்தையே ஆடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வேட்டையாலும் காடு அழிந்ததாலும் அந்த நாட்டின் பல பகுதிகளில் காட்டு வான்கோழி அற்றே போயிற்று. பிறகு பிடித்துக் கொண்டுவந்து விட்டு, காத்து வளர்த்ததால் மீண்டும் பெருகியது. இப்போது சில ஊர்களில், வாசலுக்கு வந்த வான்கோழியைக் கண்டு ஒரு வீட்டார் மகிழ, தோட்டத்தைக் கிளறிவிட்டதென்று அடுத்த வீட்டார் முறையிடுகிறார்கள். ஆக, ஒரே பறவையை இரண்டு கண்கள் இரண்டு விதமாகப் பார்ப்பது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல.

அந்த இரண்டாவது கண்ணோடு இனி நம் வயலைப் பார்ப்போம்.

உளுந்து விதைத்த காணியில் மயில் இறங்கினால் என்ன செய்யும் என்று குடியானவரைக் கேளுங்கள். காலால் சீய்த்து விதையைப் பொறுக்கும். முளைத்து வந்தால் முளையைக் கிள்ளும். மக்காச்சோளம் பால் பிடித்தால் கதிரைக் கொத்தும். மார்கழி, தையில் மல்லாட்டை விதைத்தால் அதையும் தோண்டும். மிளகாய், தக்காளியையும் விடாது. பூச்சி புழுக்களையும் சிறு பாம்புகளையும் அது தின்பது உண்மைதான். அதற்காகக் கடன் வாங்கி வாங்கிய விதையை மறந்துவிட முடியுமா? மயில் மேய்வது காலையிலும் மாலையிலும். வெயிலில் நிழலுக்கு ஒதுங்கும். இரவில் உயர்ந்த மரத்தில் அடையும். ஆகவே விடியுமுன் ஒருவர் வயலில் நிற்க வேண்டும். பொழுது சாயும்வரை ஒருவர் நிற்க வேண்டும். தகரம் தட்ட வேண்டும். பழைய சேலையை வேலியில் கட்ட வேண்டும். கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாத வீட்டில் அந்த ஆள் யார்? வயதான தாயார், அல்லது பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை.

"பாக்க அழகாத்தான் இருக்குங்க. ஆனா வெதச்சவன் வயிறுதான் எரியுது" என்று அந்தக் குடியானவர் சொன்னால், அவருக்கு அழகு தெரியாது என்று யார் சொல்ல முடியும்? தோகை விரிவதை நம்மைவிடப் பத்து மடங்கு பார்த்தவர் அவர். வரப்பில் நின்ற நமக்கு அது கால் மணி நேரத்துக் காட்சி. அவருக்கு அது ஒரு பட்டத்து வெள்ளாமை.

இங்கேதான் நம் கேள்வியின் முள் இருக்கிறது. அழகுக்கு ஒரு விசேஷமான குணம் உண்டு. ஒரு ரொட்டியைப் பத்துப் பேர் தின்றால் ஒவ்வொருவருக்கும் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கும். ஒரு மயிலைப் பத்துப் பேர் பார்த்தால் பத்துப் பேருக்கும் முழு மயில் கிடைக்கிறது. பங்கிடாமலே அழகு எல்லோருக்கும் முழுதாகச் சேருகிறது. நஷ்டத்தின் குணமோ வேறு. அது யார் தலையில் விழுந்ததோ அவர் தலையிலேயே முழுதாக நிற்கும். மற்றவர்கள் மனமுவந்து பங்கிட்டுக்கொண்டால்தான் குறையும். சந்தோஷத்தில் ஊர் முழுதும் பங்கு. செலவில் ஒரே ஒரு வீடு. இது நியாயமா?

நம் தமிழ் இலக்கியத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் வையாவிக் கோப்பெரும் பேகன். பழனி மலைப் பக்கத்துத் தலைவன். ஒரு மயிலைக் கண்டு, அது குளிரில் வாடுகிறதென்று இரங்கித் தன் போர்வையையே அதற்குக் கொடுத்தான் என்பது நாம் எல்லோரும் பள்ளியில் படித்தது. போர்வை மயிலுக்கு உதவுமா என்றுகூட அவன் யோசிக்கவில்லை, அவ்வளவு இரக்கம். பாடப் புத்தகம் அத்தோடு நின்றுவிடுகிறது. புறநானூறு நிற்கவில்லை. அந்தப் பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து, வேறொருத்தியிடம் போயிருந்தான். (சிலம்பின் கண்ணகி வேறு, இவள் வேறு.) வீட்டில் அவள் அழுதுகொண்டிருந்தாள். கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனிடம் சென்று பாடினார்கள். பொன்னுக்கும் பொருளுக்குமாகப் பாடும் புலவர்கள், இந்தத் தடவை, "எங்களுக்குப் பரிசில் வேறு வேண்டாம், அவள் துயரத்தைத் தீர், அதுவே பரிசில்" என்ற கருத்துப்படக் கேட்டார்கள்.

கவனியுங்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்தது தவறு என்று அந்தப் புலவர்கள் சொல்லவில்லை. அந்த வள்ளன்மையைப் புகழ்ந்தே பேசினார்கள். மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு மனைவியின் கண்ணீர் தெரியாமற் போனதே என்பதுதான் அவர்கள் விசனம். பறவையிடம் காட்டிய இரக்கம் பொய்யல்ல. அது பாதியில் நின்றுவிட்ட இரக்கம். வரப்பில் நின்று மயிலைப் படம் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் தகரம் தட்டும் கிழவியைப் பாராமல் போகும் நாமும் பேகனுக்கு உறவினர்தாம்.

சுலபமான பதில்கள் இரண்டு உண்டு. இரண்டும் போதாதவை.

ஒன்று, "மயில் தேசியப் பறவை; சட்டம் காக்கிறது; குடியானவர் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்பது. 1963ல் மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முதல் அட்டவணையில் வைத்தது. கொன்றால் மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை. சட்டம் நல்லதே. அது இல்லாவிட்டால் இறகுக்கும் இறைச்சிக்குமாக மயில் இனம் எவ்வளவு குறைந்திருக்குமோ! ஆனால் சட்டம் கொல்லாதே என்று மட்டும்தான் சொல்ல முடியும். விதை இழந்தவனைத் தனியே விடாதே என்று சொல்ல வேண்டியது மனச்சாட்சி. தேசத்துக்குச் சொந்தமான பறவைக்குத் தீனி போடுவது ஒரு ஏக்கர்க்காரனின் தனிக் கடமையாக இருப்பது எந்த நீதி?

மற்றது, "தொல்லையை ஒழித்துக்கட்டு" என்பது. விஷம் கலந்த தானியத்தைத் தின்று மயில்கள் கூட்டமாக மாண்ட செய்திகள் தமிழ்நாட்டில் பல முறை வந்ததுண்டு. விஷத்துக்கு மயில் என்றும் கவுதாரி என்றும் தெரியாது. கோழியும் நாயும்கூட அதற்குப் பலியாகும். வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சினால் இருட்டில் வருகிற மனிதனே சாகிறான். மேலும், மயில் நம் வயலுக்கு வந்ததில் நமக்கும் பங்கு உண்டு. முட்டையையும் குஞ்சையும் பிடித்துத் தின்று கணக்கைச் சரியாக வைத்திருந்த குள்ளநரிகள் நம் பக்கத்தில் அருகிவிட்டன. தரிசு நிலமெல்லாம் வேலிக்காத்தான் படர்ந்து மயிலுக்கு மறைவிடமாயிற்று. மனிதன் மாற்றிய பூமியில், இருக்கிற இடத்தைத் தேடி வந்த ஜீவன் அது. அதற்குப் பகையும் தெரியாது, பட்டாவும் தெரியாது.

அப்படியானால் வழி என்ன? வேதாகமத்தில், யாத்திராகமத்தில் ஒரு பழைய கட்டளை இருக்கிறது. ஏழாம் வருஷம் நிலத்தை உழாமல் விட்டுவிட வேண்டும். அதில் தானாக விளைவதை ஜனங்களில் ஏழைகள் உண்ணட்டும். அவர்கள் விட்டதைக் காட்டு ஜீவன்கள் தின்னட்டும் என்பது அதன் சாரம். இதில் இரண்டு சங்கதிகளைக் கவனிக்க வேண்டும். காட்டு ஜீவனுக்கும் நிலத்தில் ஒரு பங்கு உண்டு. அது திருடன் அல்ல. ஆனால் ஏழையின் பங்கு அதற்கு முந்தியது. மேலும் அந்தக் கட்டளை ஏதோ ஒரு மூலையிலிருந்த ஒரு குடியானவனுக்கு மட்டும் இடப்பட்டதல்ல. நிலமுடைய ஜனம் முழுவதற்கும் இடப்பட்டது. பாரம் எல்லோர் தோளிலும் இருந்தது. பகுத்து உண்டு பல உயிர்களையும் காப்பதை அறங்களில் தலையாயதாக வைத்த திருவள்ளுவரும் ‘பகுத்து’ என்ற சொல்லை முதலில் வைத்தார். பகுப்பது என்றால் உள்ளவர் எல்லோரும் பகுப்பது. ஒருவனிடமிருந்து மட்டும் பிடுங்குவது அல்ல.

ஆகையால் அழகை அனுபவிக்கிற நாம் அனுபவிப்பதை நிறுத்த வேண்டியதில்லை; அதற்குரிய கடனைச் செலுத்தத் தொடங்க வேண்டும். கடன் பெரிதல்ல. ஒரு குடும்பத்தால் ஆகக்கூடியதே.

வயல் பார்க்கப் போனால் வரப்பில் நடங்கள். விதைத்த மண்ணில் கால் வைக்காதீர்கள். நிலத்துக்காரர் நின்றால் முதலில் அவரைப் பாருங்கள், பிறகு மயிலைப் பாருங்கள். மழை எப்படி, முளைப்பு எப்படி என்று இரண்டு வார்த்தை கேளுங்கள். வழியில் மயிலுக்குத் தீனி எறிந்து பழக்காதீர்கள்; நாம் பழக்கிய பறவை நாளை அவர் வயலில்தான் தட்டேந்தி நிற்கும். தின்பண்டக் காகிதத்தையும் புட்டியையும் வரப்பில் போட்டுவிட்டு வராதீர்கள். முட்டையைக் கண்டால் தொடாதீர்கள். தகப்பன் துணையின்றித் தாய்ப்பறவை ஒன்றே நாலு வாரம் உட்கார்ந்து அடைகாக்கிற முட்டை அது.

இன்னொன்று சொன்னால் சிலருக்குக் கசக்கும். அழகான வயல் என்று புகழ்ந்த அதே நாவால், அந்த வயலில் விளைந்த கத்தரிக்காயையும் மல்லாட்டையையும் சந்தையில் அஞ்சு ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் குறைத்துக் கேட்கிறோம். பெரிய கடையில் ஒட்டியிருக்கும் விலையை வாய் திறக்காமல் கொடுக்கிறோம். மயில் கொத்தியது போக மிஞ்சியதைக் கூடையில் கொண்டுவந்த அம்மாளிடம் பேரம் பேசாமல் வாங்குவதும் மயிலைக் காப்பாற்றுகிற ஒரு வழிதான். கட்டுப்படியாகிற குடியானவர் விஷத்தை நாட மாட்டார்.

எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பயிர் நஷ்டத்தை விவரமாக எழுதி, படத்தோடு வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் மனுச் செய்ய ஒரு முதியவருக்குக் கைகொடுத்தால் அது சிறந்த தர்மம். விதைத்த வாரத்தில் இரண்டு காலைகள் முறை போட்டுக் காவலுக்குப் போனால், பள்ளிக்குப் போக வேண்டிய ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகும். அப்படிப் போகிறவருக்கு மயிலும் கிடைக்கும், அயலாரும் கிடைப்பார். விடியற்காலையில் பனி விலகும்போது கெடிலக்கரை மரத்திலிருந்து மயில்கள் ஒவ்வொன்றாக இறங்குவதைக் காவல் காப்பவனைவிட நன்றாகப் பார்த்தவன் யார்?

பெற்றோர்களே, பிள்ளைகள் வழியில் நின்று பார்த்தால் உடனே அதட்டாதீர்கள். தோகை விரித்த மயிலை எவனும் பார்ப்பான். அதற்குத் தனிக் கண் வேண்டியதில்லை. கூதிர் காலத்து மயிலைப் பார்க்கப் பழக்குங்கள்: தோகை உதிர்ந்து, நனைந்து, சேற்றில் இரை தேடும் மயிலை. அது அழகுக்காகப் படைக்கப்பட்ட பொம்மை அல்ல, பசியுள்ள ஒரு ஜீவன் என்பது அப்போது விளங்கும். அதன் பசி விளங்கிய பிள்ளைக்கு, அது யாருடைய விதையைத் தின்கிறது என்ற அடுத்த கேள்வியும் தோன்றும். அந்தக் கேள்வி தோன்றினால், அவன் பார்த்தது பராக்கு அல்ல.

மழை நன்றாகப் பெய்யட்டும், ஏரிகள் நிறையட்டும், வயல்கள் விளையட்டும். வருகிற கூதிர் காலத்தில் அந்த விருந்துக்கு நாம் எல்லோரும் போவோம். போகும்போது வெறுங்கையோடு போகாமல் இருப்போம்.